கையால் எழுதிய வரி

என் அக்கா படுக்கப் போகும்போது போனை அணைத்துவிடுவாள். சைலண்ட்டில் போடுவது, தலைமாட்டில் வைத்துக்கொள்வது எல்லாம் கிடையாது. பொத்தானை அழுத்திப் பிடித்து, திரை கறுக்கும்வரை பார்த்திருந்து, பாத்திர அலமாரியின் மேல்தட்டில் கவிழ்த்து வைப்பாள். "மனுசனுக்கு ராத்திரி ஒறக்கம் வேணும்லா, அதுக்கும் வேணும்" என்பாள். காலையில் எழுந்து, குழாய்த் தண்ணீர் பிடித்து, குளித்து, விளக்கேற்றிய பிறகுதான் அந்தப் போனுக்கு விடியும். பல வருடப் பழக்கம். அதை நம்பித்தான் என் புத்திசாலித்தனம் முழுவதையும் கட்டி எழுப்பினேன்.

அக்காவுக்கு என்னைவிடப் பன்னிரண்டு வயது கூடுதல். தாராவியில் நாங்கள் வளர்ந்த அதே ஒற்றை ரூமில் தனியாக இருந்தாள். கல்யாணமாகி மூன்றே வருடத்தில் திரும்பி வந்தவள். ஏன் என்று அவளும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. மாட்டுங்காவில் ஒரு மெஸ்ஸில் இட்லித் தட்டும் சாம்பார் அண்டாவுமாகப் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, முட்டி மக்கர் செய்ய ஆரம்பித்த பிறகு வீட்டோடு நின்றுவிட்டாள். சர்க்கரை நோய் உண்டு. காலையும் இரவும் ஊசி. ஊசியைப் போட்டுக்கொண்டு சாப்பிட மறந்துவிடுவாள். ஊருக்கெல்லாம் சோறு பொங்கிப் போட்டவளுக்குத் தனக்கு ஒரு தட்டு எடுத்து வைக்கத் தோன்றாது. இரண்டு தடவை சர்க்கரை இறங்கித் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். இரண்டு தடவையும் எதிர்வீட்டு லாத்தாதான் பார்த்து, சர்க்கரையைக் கரைத்துக் குடிக்க வைத்துக் காப்பாற்றினார். லாத்தா என்றால் அக்கா. காயல்பட்டினம் பக்கத்து முஸ்லிம் குடும்பம். பெல்ட்டுக்கு பக்கிள் மாட்டும் வேலையை வீட்டில் வைத்தே செய்பவர். எங்கள் சந்தில் வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோருக்கும் அவர் லாத்தாதான்.

நான் கல்யாணத்துக்குப் பிறகு செம்பூருக்குப் போய்விட்டேன். எங்களோடு வந்து இரு என்று எத்தனையோ முறை கூப்பிட்டாயிற்று. "ஒங்க பில்டிங்ல ஆள் செத்தாக்கூட சத்தம் வெளிய வராது. எனக்கு இங்கதான் செட் ஆவும்" என்பாள். பேச்சு அதோடு முடியும்.

அதனால் தினமும் காலையில் ரயிலுக்கு நிற்கும்போது போன் செய்வேன். எழுந்தாயா, ஊசி போட்டாயா, சாப்பிட்டாயா. மூன்று கேள்வி, மூன்று பதில், ரயில் வந்துவிடும். ஒரு நாள் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னல, தெனம் ஹாஜிரி எடுக்கியா? நான் என்ன ஒன் ஆபீஸ்லயா வேல பாக்கேன்?"

"நீ தின்னியா இல்லியான்னு தெரிய வேண்டாமா எனக்கு?"

"ஆஸ்பத்திரி நர்ஸே இத விட நாலு வார்த்த கூடப் பேசுதா. பேசணும்னா பேசு. இல்லன்னா போன வச்சிட்டுப் போ."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் அப்படித்தான். வைத்துவிட்டேன். மறுநாள் கூப்பிடவில்லை. அதற்கடுத்த நாளும் கூப்பிடவில்லை. ஆனால் மனம் அடித்துக்கொண்டது. விழுந்து கிடக்கிறாளோ, சாப்பிட்டாளோ. கூப்பிடவும் கூடாது, தெரியாமல் இருக்கவும் முடியாது. அப்போதுதான் என் தொழில் கைகொடுக்கும் என்று தோன்றியது.

நான் பார்ப்பது நெட்வொர்க் வேலை. கோட்டைப் பக்கம் ஓர் ஆபீஸில் இருபது வருடமாக, கறுப்புத் திரையில் கட்டளை தட்டிப் பிழைக்கிறேன். ஒரே இணைப்பில் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு அடையாளம் உண்டு. ஒன்று, நெட்வொர்க் கொடுக்கும் எண். அது வாடகை வீட்டு விலாசம் மாதிரி, மாறலாம். இன்னொன்று, கருவியைச் செய்யும்போதே பொறித்துவிட்ட எண். ஒரு கருவி இன்னொன்றோடு பேச வேண்டுமென்றால் முதலில், "இந்த விலாசத்தில் யார் இருக்கிறீர்கள்?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கூப்பிடும். இருப்பவர், "நான்தான்" என்று தன் பொறித்த எண்ணைச் சொல்வார். கேட்டவர் அதைத் தன் பட்டியலில் குறித்துக்கொள்வார். arp -n என்று தட்டினால் அந்தப் பட்டியல் வரிவரியாக வரும். குறித்ததை அப்படியே நம்பிக்கொண்டும் இருக்காது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்கும். பதில் வராவிட்டால் பொறித்த எண் இருந்த இடத்தில் விவரம் இல்லை என்று போட்டுவிடும். சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்கும் பட்டியல் அது. அதுதான் அதன் நல்ல குணம்.

ஆபீஸில் கழித்துப் போட்ட ஒரு சின்னக் கணினியை வாங்கி, அக்கா வீட்டு ரௌட்டர் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். என் போனிலிருந்தே அதற்குள் நுழைய வழி செய்தேன். நெட் வேகமாக வரும் என்று அவளிடம் பொய் சொன்னேன். அவள் அதற்கு ஒரு பூப்போட்ட துணி போர்த்தினாள். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம்கூட வைத்தாள். நான் ஒரு சின்ன நிரல் எழுதினேன். அக்காவின் போனுக்கு ஒரு தட்டு தட்டும், பட்டியலைப் பார்க்கும், அவளுடைய விலாசத்துக்கு நேராக அவள் போனின் பொறித்த எண் இருந்தால் "இருக்கு" என்று காட்டும். இல்லாவிட்டால் "இல்லை". போன் இருந்தால் விளக்கேற்றிவிட்டாள், விளக்கேற்றினால் எழுந்துவிட்டாள். கணக்கு எவ்வளவு சரியாக இருக்கிறது பாருங்கள்.

என் மனைவியிடம் பெருமையாகக் காட்டினேன். "ஒரு போன் பண்ணா முடிஞ்சுது. இதுக்கு இவ்ளோ வேலையா?" என்றாள். உனக்கு இதெல்லாம் புரியாது என்று சொல்லிவிட்டேன்.

தினமும் செம்பூரில் ரயில் ஏறியதும் பார்ப்பேன். "இருக்கு." நிம்மதியாக இருக்கும். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நேரில் போவேன். மீன் குழம்பு வைத்துப் போடுவாள், சாப்பிடுவேன், சந்தில் யார் வீட்டில் என்ன சண்டை என்று சொல்லுவாள். போன் விஷயத்தை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. காலையில் கூப்பிடும் பழக்கம் அப்படியே விட்டுப்போயிற்று. முதலில் ரோஷத்தில் கூப்பிடாமல் இருந்தேன். பிறகு ரோஷமும் இல்லை. தேவைப்படவில்லை, அவ்வளவுதான். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒரு புதன்கிழமை "இல்லை" என்று வந்தது. திரும்பத் திரும்பப் பார்த்தேன். "இல்லை." அப்போதாவது கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டு எடுக்காவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், சுனாபட்டி ஸ்டேஷனில் குதித்திறங்கி, ஆட்டோ பிடித்து, சந்து முனையிலிருந்து ஓடினேன். அக்கா வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போன் ஏதோ பக்திப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது.

"என்னல இந்த நேரத்துல? வேலைய விட்டுத் தொரத்திட்டானா?"

"இல்ல, இந்தப் பக்கம் ஒரு ஜோலி."

"மூஞ்சியப் பாரு, பேயடிச்ச மாதிரி. சும்மா காலிபீலி டென்ஷன் எடுக்காதல. சாயா குடிச்சிட்டுப் போ."

குடித்துக்கொண்டே பார்த்ததில் விஷயம் தெரிந்தது. வைஃபை பாஸ்வேர்டைக் கதவு நிலையில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தாள். கேட்கிறவர்களுக்கெல்லாம் வாயால் சொல்லி மாளவில்லையாம். சந்தே அவள் நெட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதில் மேல் ரூம் தையல்காரர்களின் ஏதோ ஒரு கருவி, அக்கா போனின் விலாசத்தையே தன்னுடையது என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு விலாசத்துக்கு இரண்டு பேர் பதில் சொன்னால் பட்டியல் குழம்பத்தான் செய்யும். முறையாகச் செய்வதென்றால் ரௌட்டரில் சரிசெய்ய வேண்டும். அதற்குள் நுழையும் பாஸ்வேர்டு கேபிள்காரரிடம் இருந்தது. அவரோ போனை எடுக்கவில்லை. அடுத்தடுத்து இரண்டு நாள் இதே மாதிரி வர, எரிச்சலில் மதியச் சாப்பாட்டுக்கு நடுவே நானே ஒரு வேலை செய்தேன். அந்தக் கணினிக்குள் போய், arp -s என்று தட்டி, அக்காவின் விலாசத்தையும் அவள் போனின் பொறித்த எண்ணையும் என் கையாலேயே எழுதிவிட்டேன். இனி யார் எவ்வளவு கத்தினாலும் அந்த வரி மாறாது. உடனே சோதித்தேன். "இருக்கு." டப்பாவைத் திறந்து மிச்சச் சோற்றைச் சாப்பிட்டேன்.

கையால் எழுதிய வரியைப் பட்டியல் சந்தேகப்படாது. மறுபடி கேட்காது, பதில் வராவிட்டாலும் அழிக்காது. கருவி அணைந்திருந்தாலும், உடைந்திருந்தாலும், கடலில் கிடந்தாலும் அந்த வரி அங்கேயே இருக்கும். நாமே அழிக்க வேண்டும், அல்லது கணினி ஒரு தடவை அணைந்து எழ வேண்டும். இது எனக்குத் தெரியாததா? ஆபீஸில் ஒருமுறை பிரிண்டரை மாற்றிவிட்டுப் பழைய வரியை அழிக்க மறந்தவரை நாள் முழுக்கக் கடித்துக் குதறியவன் நான். "கையால போட்டது தானாப் போகாதுப்பா, மண்டையில ஏத்திக்கோ" என்று பத்துப் பேர் முன்னால் சொன்னேன். ஆபீஸில் எனக்கு இருந்த மூளை அக்கா விஷயத்தில் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

பதினோரு நாள். தினமும் "இருக்கு." தடுமாற்றமே இல்லை. வேலை சுத்தமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். மும்பையில் கரண்ட் போகாது என்று ஊருக்குப் போனால் நாங்கள் பீற்றிக்கொள்வோம். அந்தப் பதினோரு நாளில் கரண்ட் ஒரே ஒரு தடவை போயிருந்தால் போதும், அந்த வரி அழிந்திருக்கும்.

பன்னிரண்டாம் நாள் காலை, ரயில் குர்லாவில் நிற்கும்போது லாத்தா கூப்பிட்டார்.

"தம்பி, ஒங்க அக்கா இன்னும் கதவத் தெறக்கல. தண்ணி வந்து நின்னுபோச்சு, டிரம்மு காலியா கெடக்கு. தட்டுனேன், சத்தத்தக் காணோம்."

"ஒரு நிமிஷம் லாத்தா."

பார்த்தேன். "இருக்கு."

"எந்திச்சிட்டா லாத்தா. எனக்குத் தெரியும். குளிச்சிட்டு இருப்பா, பயப்படாதீங்க."

"அப்படியா? அல்ஹம்துலில்லாஹ். நான் ஒரு நிமிஷம் ஆடிப்போயிட்டேன் தம்பி."

தாராவியில் தண்ணீர் வரும் நேரத்தில் எழாத பெண்பிள்ளை உண்டா? காய்ச்சலில் கிடந்தாலும் எழுந்து டிரம்மை நிரப்பிவிட்டுத்தானே படுப்பார்கள். அந்தச் சந்தில் பிறந்தவன் எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் என் கையில் இருந்த திரை வேறு சொன்னது. நான் திரையை நம்பினேன். ஆபீஸுக்குப் போய் மீட்டிங்கில் உட்கார்ந்தேன். பதினொரு மணிக்கு ஒரு தடவை பார்த்தேன். "இருக்கு."

லாத்தா மதியம் கறிக்குழம்பு எடுத்துக்கொண்டு மறுபடி போயிருக்கிறார். கதவு அப்படியே சாத்தியிருக்க, ஜன்னல் இடுக்கில் பார்த்தால் தரையில் அக்காவின் கால் தெரிந்திருக்கிறது. மேல் ரூம் தையல்காரர்கள் வந்து கதவை உடைத்தார்கள். இரவு ஊசி போட்டிருக்கிறாள். சோறு சட்டியில் எடுக்காமல் அப்படியே இருந்தது. உயிர் இருந்தது. ஆனால் கண் திறக்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தாள். முதல் நாள் டாக்டர் எப்போது கடைசியாகப் பார்த்தீர்கள் என்று ஹிந்தியில் கேட்டார். சொன்னேன். "காலையில கவனிச்சு கொண்டு வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டு தாளில் எழுதத் தொடங்கினார். அவரை முழுதும் சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை. இன்றுவரை எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

அன்று மாலை லாத்தா அக்காவின் துணிமணியோடு போனையும் கொண்டுவந்து கொடுத்தார். அலமாரி மேல்தட்டில் கவிழ்த்து இருந்ததாம். அணைந்திருந்தது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அன்று காலையில் அது எழவே இல்லை. நான் பார்த்தது அக்காவை இல்லை, நான் எழுதிய வரியை. குர்லாவில் அவள் நம்பரைக் கூப்பிட்டிருந்தால் ஸ்விட்ச் ஆஃப் என்று மராத்தியில் ஒரு பெண் குரல் சொல்லியிருக்கும். கூப்பிடவில்லை. பக்கத்துக் கட்டில்காரரின் மகன் வந்து தோளைத் தொட்டு, உட்காருங்கள் சாச்சா என்று பிடித்து உட்கார வைத்தான். நான் சத்தம் போட்டு அழுதிருக்கிறேன்.

மூன்றாம் நாள் அக்கா போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு ரூமை ஒழிக்கப் போனேன். கதவு நிலையில் பாஸ்வேர்டு இன்னும் அழியாமல் இருந்தது. பூப்போட்ட துணிக்கு அடியில் அந்தக் கணினி முணுமுணுத்துக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் அந்தப் பட்டியலில் அக்கா இருந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், நாங்கள் அவளைக் கொண்டுபோய் எரித்தபோதும் இருந்திருக்கிறாள். தரையில் உட்கார்ந்து arp -d என்று தட்டி, அவள் விலாசத்தை அடித்தேன். இரண்டு தடவை தப்பாக அடித்தேன். மூன்றாவது தடவையில் வரி போய்விட்டது. உறுதிக்காக அவள் விலாசத்துக்கு ஒரு தட்டு தட்டிப் பார்த்தேன். கணினி எல்லோரிடமும் கேட்டது, யாரும் பதில் சொல்லவில்லை. விவரம் இல்லை என்று போட்டது. அவள் விழுந்து கிடந்த அன்று காலையிலேயே அது இதைத்தான் சொல்லியிருக்கும், நான் விட்டிருந்தால்.

லாத்தா சாயா கொண்டுவந்தார். வாசலிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். அந்தப் பதினாறு நாளும் அவர் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் காலையிலயே கதவ ஒடச்சிருக்கணும் தம்பி. எதுக்க இருந்துக்கிட்டு விட்டுட்டேனே. அல்லா என்னக் கேக்க மாட்டானா?"

அவர் அப்படியே நினைத்துக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை. பதினாறு நாள் அப்படித்தானே விட்டுவைத்தேன். ஆனால் அக்காவின் தரையில் உட்கார்ந்துகொண்டு அதற்கு மேல் முடியவில்லை.

"லாத்தா, ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல. எந்திச்சிட்டான்னு சொன்னது நான்தான. நான் அவகிட்ட பேசிட்டுச் சொல்லல. இந்தப் பெட்டியப் பாத்துச் சொன்னேன். நான் போட்டு வச்சது தப்பு. அது பொய் சொல்லிச்சு."

அவருக்குப் பெட்டி புரிந்ததா தெரியாது.

"அப்ப அன்னைக்கி நீங்க போன் பண்ணலையா?"

"இல்ல."

"எத்தன நாளா பண்ணல?"

"ஆறு மாசம் இருக்கும் லாத்தா. அவதான் காலையில போன் பண்ணாதன்னு ஏசுனா. போன் ஆன் ஆச்சா இல்லியான்னு இதுல தெனம் பாத்துக்குவேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அலமாரியின் மேல்தட்டைப் பார்த்தார்.

"அதான் விசயமா. நானும் அவகிட்ட கேட்டேன் தம்பி. ஏன் புள்ள, வெளக்க ஏத்துன கையோட போனப் போட்டு மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருக்கன்னு. இது என் தம்பி கூப்புடுற நேரம்னு சொன்னா. நான்தான் அவன ஏசிப்புட்டேன், கோவக்காரன், என்னைக்காச்சும் கூப்புடுவான்னா. எட்டரை வரைக்கும் அப்படியே உக்காந்திருப்பா. அப்புறந்தான் எந்திச்சுத் திங்கப் போவா."

சாயா ஆறிப்போயிருந்தது. அதைக் குடித்தேன்.

ஆறு மாதமும் அவள் போனைப் போட்டு உட்கார்ந்ததை நான் தினமும் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் தவறாமல் பார்த்தேன். "இருக்கு" என்று பார்த்துவிட்டு, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ரயில் பெட்டியில் உட்கார இடம் இருக்கிறதா என்று தேடப் போனேன்.